கரண்ட் பில், சிலிண்டர், பெட்ரோல்: வீட்டுக் கார்பனை எங்கே குறைப்பது?

மாடிவீடு (மதுரை)
வணக்கம். "கார்பனைக் குறையுங்கள்" என்று எங்கே படித்தாலும் துணிப்பை எடுத்துப் போ, குழாயை மூடு, மரம் நடு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறோம். எனக்கு வேண்டியது கணக்கு.

எங்கள் வீட்டு நிலவரம்: நான்கு பேர், மேல்தளம், சொந்த வீடு. இரண்டு மாதத்துக்குச் சராசரியாக 600 யூனிட். வருடத்துக்கு 8 சிலிண்டர். ஒரு ஸ்கூட்டர், ஒரு பைக், இரண்டுக்கும் சேர்த்து மாதம் 20 லிட்டர் பெட்ரோல். ஒன்றரை டன் ஏசி ஒன்று இருக்கிறது, பழசு. கார் இல்லை. எதில் கை வைத்தால் நிஜமாகவே குறையும்?

யூனிட்யோகி (திருச்சி)
இப்படிக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். மூன்று எண்கள் போதும்.

மின்சாரம்: மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உங்களுக்கு வருடம் 3,600 யூனிட், அதாவது 2,520 கிலோ.

கேஸ்: சிலிண்டரில் 14.2 கிலோ. ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ வெளியேறும். 8 சிலிண்டருக்கு 340 கிலோ.

பெட்ரோல்: லிட்டருக்கு 2.3 கிலோ. வருடம் 240 லிட்டர், 550 கிலோ.

மொத்தம் 3,400 கிலோ. அதில் முக்கால் பங்கு கரண்ட். சமையலறையில் தீக்குச்சியை மிச்சம் பிடிப்பதை விட்டுவிட்டு முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்.

வேப்பமரம் (சேலம்)
மன்னிக்கணும். அனல்மின் நிலையத்தில் ராத்திரி பகலாக நிலக்கரி எரிகிறது, பணக்கார நாட்டுக்காரன் நம்மைப் போல ஏழு மடங்கு புகை விடுகிறான், மதுரையில் ஒரு அம்மா ஃபேனை அணைத்து உலகத்தைக் காப்பாற்ற வேண்டுமா?

யூனிட்யோகி (திருச்சி)
அண்ணே, ஏழு மடங்கு சரிதான். சராசரி இந்தியருக்கு வருடம் 2 டன், அமெரிக்கருக்கு 14 டன் பக்கம். ஆனால் அனல்மின் நிலையம் யாருக்காக எரிக்கிறது? சாயங்காலம் சூரியன் இறங்கியதும் நாம் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி, ஹீட்டர், டிவி போடுகிறோமே, அதற்காகவும்தான். அப்புறம், அந்த அம்மா உலகத்தைக் காப்பாற்ற வழி கேட்கவில்லை. தன் வீட்டில் எங்கே குறையும் என்று கேட்டிருக்கிறார்.

வேப்பமரம் (சேலம்)
சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்குள்ளேயே குடும்பம் நடத்துகிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய. ஒரு ஃபேன், இரண்டு பல்பு, ஒரு டிவி. அவர்களிடம் போய் யாரும் இந்தப் பாடத்தை எடுக்கக் கூடாது. அவர்களுக்கு இன்னும் ஒரு ஃபேன் கூடினால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

மாடிவீடு (மதுரை)
நியாயம்தான் ஐயா. எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, அதனால் கேள்வி எங்களுக்குத்தான்.

வாடகைவாசி (சென்னை)
அக்கா, முதலில் ஃபேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடுகிற புதுவகை மோட்டார் வைத்தது) 30 வாட் பக்கம். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் வருடத்துக்கு 240 யூனிட்டுக்கு மேல் மிச்சம், கார்பனில் 170 கிலோ. உங்கள் வீட்டில் அதிகம் ஓடுகிற இரண்டை மட்டும் மாற்றினாலே உங்கள் எட்டு சிலிண்டரின் புகைக்குச் சமமாக வந்துவிடும். வாடகை வீட்டில் இருக்கிற எங்களால் செய்ய முடிகிற பெரிய காரியமும் இதுதான், வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஒரு எச்சரிக்கை: பழைய ரெகுலேட்டரோடு பிஎல்டிசி ஃபேனைச் சேர்க்கக் கூடாது. எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ரெகுலேட்டரைத் தவிர்த்து நேராக சுவிட்சில் இணைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். (ரிமோட் தொலைந்துபோவது தனிக் கதை. எங்கள் வீட்டில் அதை நூலில் கட்டிச் சுவரில் தொங்க விட்டிருக்கிறோம்.) கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

மாடிவீடு (மதுரை)
ஸ்டார் பார்த்து வாங்க வேண்டுமா?

வாடகைவாசி (சென்னை)
2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம். ஐந்து ஸ்டார் எடுங்கள். ஒட்டியிருக்கும் தாளில் வாட் எவ்வளவு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு பில் போடச் சொல்லுங்கள்.

குளிர்பெட்டி (கோவை)
நான் ஏசி வேலை செய்கிறவன். யாரும் பேசாத ஒன்றை எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் ஏசி தின்கிற கரண்டைப் பற்றியே பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் கேஸைப் பற்றி வாயே திறப்பதில்லை. பழைய ஏசியில் ஆர்-22, அதற்குப் பின் வந்தவற்றில் ஆர்-410ஏ, இப்போது வருவதில் பெரும்பாலும் ஆர்-32. கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால், நூறு வருடக் கணக்கில், ஆர்-22 எடைக்கு எடை 1,810 மடங்கு சூடு பிடித்து வைக்கும். 410ஏ 2,088 மடங்கு. ஆர்-32 675 மடங்கு. ஒன்றரை டன் ஸ்பிளிட்டில் சுமார் ஒரு கிலோ கேஸ் இருக்கும். பழைய 410ஏ ஏசி ஒன்றில் அந்த ஒரு கிலோவும் காற்றில் போனால் இரண்டு டன். யோகி அண்ணன் கணக்கில் அது கிட்டத்தட்ட 3,000 யூனிட் மின்சாரம்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். வெயில் தொடங்கும், கூலிங் இல்லை என்று கூப்பிடுவார்கள், வந்தவர் "கேஸ் கம்மி" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போவார். அடுத்த வருடமும் இதே. ஏசி கேஸ் தீர்ந்துபோகிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு. நைட்ரஜன் ஏற்றி, ஜாயிண்ட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பெரும்பாலும் ஃபிளேர் நட்டிலோ காயிலிலோ குமிழி வரும். அதைச் சரிசெய்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து), பிறகு எடை பார்த்து நிரப்ப வேண்டும். இதற்கு நேரம் ஆகும், கூலி கூட ஆகும். கேட்டு வாங்குங்கள்.

வீடு மாற்றும்போது இன்னொன்று. பம்ப் டவுன் செய்து கேஸை வெளி யூனிட்டுக்குள் பூட்டிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும். சிலர் அவசரத்தில் நட்டைத் திறந்து "புஸ்" என்று விட்டுவிடுவார்கள். நின்று பாருங்கள், அந்தச் சத்தம் வரக் கூடாது.

மாடிவீடு (மதுரை)
அண்ணா, இதை யாருமே சொன்னதில்லை. எங்கள் ஏசிக்கு இரண்டு கோடையாக கேஸ் நிரப்பினோம். என்ன கேஸ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குளிர்பெட்டி (கோவை)
வெளி யூனிட் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் கேஸ் பெயரும் எத்தனை கிராம் என்பதும் இருக்கும். ஆர்-22 என்றிருந்தால் பெரிதாகச் செலவு செய்து பழுது பார்க்காதீர்கள். ஓசோன் படலத்துக்கும் கேடு என்பதால் 2030க்குள் அதை நிறுத்துகிறார்கள், கேஸ் விலையும் ஏறிக்கொண்டேதான் போகும்.

தெற்குக்காற்று (நாகர்கோவில்)
ஏசியை எத்தனையில் வைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே. 2020லிருந்து புது ஏசி எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி. நாம்தான் 18க்குத் தட்டிவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பளி தேடுகிறோம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு. 26ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விட்டுப் பாருங்கள்.

யூனிட்யோகி (திருச்சி)
இதில் காசுக் கணக்கும் ஒன்று உண்டு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு 101 முதல் 200 வரை குறைந்த கட்டணம். 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடும், மேலே உள்ள யூனிட்டுக்கும் விலை அதிகம். 600ல் இருக்கிற உங்களுக்கு 500க்குள் இறங்குவதுதான் முதல் இலக்கு. இரண்டு ஃபேன் மாற்றினாலே இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் போச்சு. மீதி 20ஐ ஏசி பார்த்துக்கொள்ளும்.

மொட்டைமாடி (ஈரோடு)
மேல்தளம் என்றீர்கள். பகலெல்லாம் தளம் சூடேறி, ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்கும். ஏசி அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதனால் ஏசியைத் தொடுவதற்கு முன் தளத்தைத் தொடுங்கள்.

எளிய வழி, சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்போடு வெள்ளை சிமெண்டும் கொஞ்சம் ஃபெவிகாலும் கலந்து இரண்டு கோட் அடிப்பது நம் ஊரில் பல வீடுகளில் செய்வதுதான். மழையில் கரைந்து போகும், பாசி படியும், அதனால் பங்குனிக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும். காசு இருந்தால் கூல் ரூஃப் பெயிண்ட் அல்லது வெள்ளை டைல்ஸ். பகல் ஒரு மணிக்குச் செருப்பில்லாமல் பாதி தளத்தில் நின்று பாருங்கள், அடித்த பக்கமும் அடிக்காத பக்கமும் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு சோலார். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நம் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தினமும் 4 யூனிட் தரும் என்று வைக்கலாம். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 720. உங்கள் 600 அதற்குள் அடங்கிவிடும். இடம் சுமார் 300 சதுர அடி வேண்டும்.

விற்கிறவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: கிரிட்டோடு (பொது மின்கம்பி வலையோடு) இணைக்கிற சாதாரண சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், பட்டப்பகலாக இருந்தாலும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். பவர்கட்டுக்காக சோலார் போடுகிறேன் என்று நினைத்தால் பேட்டரி தனியாக வேண்டும். இன்னொன்று நிழல். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும்.

வேப்பமரம் (சேலம்)
எங்கள் சொந்தக்காரர் வீட்டில் சோலார் போட்டார்கள். "இனி கரண்ட் இலவசம்தானே" என்று இன்னொரு ஏசி வாங்கிவிட்டார்கள். இப்போது மறுபடி பில் வருகிறது!

மொட்டைமாடி (ஈரோடு)
ஹா ஹா, இது நிறைய வீட்டில் நடக்கிறது. அதனால்தான் முதலில் ஃபேன், தளம். சோலார் அதற்குப் பின் என்று சொல்கிறேன். தேவையைக் குறைத்த பிறகு போட்டால் 2 கிலோவாட்டே போதுமாக இருக்கலாம்.

அடுப்படி (தஞ்சாவூர்)
என் பங்குக்கு ஒரு கேள்வி. கேஸை விட்டு இண்டக்ஷனுக்கு மாறினால் கார்பன் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

யூனிட்யோகி (திருச்சி)
இன்றைய கிரிட் கரண்டில் குறையாது. கணக்கு இதோ. ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகும், 100 யூனிட் என்று வையுங்கள். அதே சூடு இண்டக்ஷனில் கிடைக்க 120 யூனிட் வேண்டும். 120ஐ 0.7ஆல் பெருக்கினால் 84 கிலோ. சிலிண்டர் எரிந்தால் 42 கிலோதான். கேஸைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவைச் சேர்த்தாலும் இந்த இடைவெளி நிரம்பாது.

ஆனால் உங்கள் மாடியில் சோலார் இருந்து, பகலில் சமைத்தால் கதை தலைகீழ். நிலக்கரியின் பங்கு குறையக் குறைய இந்தக் கணக்கும் மாறும்.

தெற்குக்காற்று (நாகர்கோவில்)
நாட்டுச் சராசரியை வைத்துச் சொல்கிறீர்கள். தமிழ்நாட்டில் காற்றாலை மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். வைகாசி தொடங்கி புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிப் பக்கம் வந்து பாருங்கள், இறக்கை நிற்காது.

யூனிட்யோகி (திருச்சி)
உண்மை. ஆனால் மின்சாரம் நாடு முழுக்க ஒரே வலையில் ஓடுகிறது. நீங்கள் கூடுதலாக ஒரு யூனிட் கேட்டால், அதைத் தர முடுக்கிவிடப்படுவது பெரும்பாலும் நிலக்கரி ஆலைதான். நீங்கள் சொல்வதில் ஒரு பயன் இருக்கிறது: வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் இதையெல்லாம் பகல் 11 முதல் 3 மணிக்குள் போட்டால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். ராத்திரி ஏழு மணிக்கு மோட்டார் போடாதீர்கள்.

அடுப்படி (தஞ்சாவூர்)
அப்போ கேஸிலேயே இருந்துகொண்டு மிச்சம் பிடிப்பதைப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தவை: பருப்பு, கொண்டைக்கடலை, சிவப்பரிசி எல்லாம் ஊறிய பிறகுதான் அடுப்பு. குக்கரில் முதல் விசில் வந்ததும் சிம். விசில் எண்ணிக்கைக்காக முழுத் தீயில் விட்டால் வெளியே போகிற ஆவி அத்தனையும் காசு. குக்கருக்குள் அடுக்கில் சாதம், பருப்பு, காய் மூன்றும் ஒன்றாக. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னர் அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திக் கழுவ வேண்டும்.

குளிக்க வெந்நீர் கேட்பவர்களுக்கு: சித்திரையில் மாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரே கையைச் சுடுகிறது, அப்போதும் சிலர் கீசர் போடுகிறார்கள். ஏன் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

வாடகைவாசி (சென்னை)
சாப்பாட்டு மிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் குப்பை கொடுங்கையூர், பெருங்குடி என்று போய்ச் சேர்ந்தது. ஈரக் குப்பை காற்றில்லாமல் அமுங்கிக் கிடந்து மீத்தேன் விடும், நூறு வருடக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை அடங்கவில்லை. பால்கனியில் ஒரு ஓட்டை போட்ட மண்பானை, காய்ந்த இலை, புளித்த மோர் கொஞ்சம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் இலை போடுங்கள்.

அடுப்படி (தஞ்சாவூர்)
அதைவிட மிச்சம் வராமல் வடிப்பது நல்லது தம்பி. நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதே மீத்தேன் வருகிறது. அந்த அரிசியைக் கொண்டுவந்து, வடித்து, குப்பையில் கொட்டி மறுபடியும் மீத்தேன். ராத்திரி மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழையது.

வேப்பமரம் (சேலம்)
மட்டன்?

அடுப்படி (தஞ்சாவூர்)
ஆடு மாடு அசைபோடும்போது மீத்தேன் விடும். அதனால் கிலோவுக்குக் கிலோ கோழியைவிட மட்டனுக்குக் கார்பன் கணக்கு அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டனை நிறுத்தச் சொல்லமாட்டேன், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கோழி என்றால் உங்கள் வீட்டில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

தெற்குக்காற்று (நாகர்கோவில்)
மஞ்சப்பை பற்றி முதல் பதிவில் கொஞ்சம் சலிப்போடு எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். அது பிளாஸ்டிக்கை ஒழிக்க, சாக்கடை அடைக்காமல் இருக்க. கார்பன் கணக்கில் அதன் எடை குறைவு, அவ்வளவுதான். ஒன்றே போதும், கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பையாகச் சேர்ந்து அலமாரி நிறைய மஞ்சப்பை கிடந்தால் அந்தப் பருத்தியும் வீண்.

மாடிவீடு (மதுரை)
பெட்ரோல் பக்கம்? இ-ஸ்கூட்டர் வாங்கச் சொல்லி மகன் நச்சரிக்கிறான்.

யூனிட்யோகி (திருச்சி)
இதில் மின்சாரம்தான் ஜெயிக்கும், நிலக்கரிக் கரண்டிலும். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்றால் 100 கிலோமீட்டருக்கு 5 கிலோ கார்பன். மின் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு 3 யூனிட் வாங்கும், 2 கிலோ. பேட்டரி தயாரிக்கும்போதே கொஞ்சம் கார்பன் போய்விடுவதால், வாரத்துக்கு ஒருமுறை காய்கறிக் கடைக்கு மட்டும் போகிற வண்டியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். தினமும் அதிகம் ஓடுகிற வண்டி எதுவோ அதை மாற்றுங்கள். அதற்கும் முன்னால், பஸ். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எப்படியும் ஓடப்போகிற பஸ்ஸில் நீங்கள் ஏறுவதால் கூடுகிற புகை ஒன்றுமில்லை.

மாடிவீடு (மதுரை)
பஸ் காலையில் சரி. சாயங்காலம் நிற்க இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் போகிற வழிக்குப் பயன்படுத்துகிறேன்.

தேம்ஸ்கரை (லண்டன்)
ஊரிலிருந்து வந்து இங்கே இருக்கிறவன். ஒரு வரி சேர்க்கிறேன். லண்டனிலிருந்து சென்னை வந்து திரும்ப விமானத்தில் ஒருவருக்கு ஒன்றரை டன் பக்கம் ஆகிறது. நாங்கள் நான்கு பேரும் ஒரு தடவை வந்து போனால் மதுரை அக்கா வீட்டின் ஒரு வருடக் கணக்கையே தாண்டிவிடும். அம்மாவைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதனால் வந்தால் இரண்டு மாதம் தங்குகிற மாதிரி வருகிறோம், கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக வருவதை விட்டோம்.

வேப்பமரம் (சேலம்)
தம்பி, நீங்கள் வாங்க. வரும்போது ஏசியை மட்டும் 18ல் வைக்காதீங்க.

மாடிவீடு (மதுரை)
எல்லோருக்கும் நன்றி. இந்த மாதம் இரண்டு ஃபேன், பங்குனிக்குள் மாடிக்குச் சுண்ணாம்பு. சோலாருக்கு நிழல் பார்க்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். ஏசி தகட்டைப் பார்த்தேன், ஆர்-22, 1,100 கிராம். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்கள். கொடுத்துவிடலாமா குளிர்பெட்டி அண்ணா?

குளிர்பெட்டி (கோவை)
கொடுக்கலாம் அம்மா. கழற்ற வருகிறவரிடம் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் கேஸ் வெளி யூனிட்டுக்குள் இருக்கும். அதன் பிறகு அதை என்ன செய்வார்கள் என்று கடையில் கேளுங்கள். ரெகவரி மெஷினும் சிலிண்டரும் வைத்துக் கேஸைப் பிடிக்கிறவர்களா, இல்லை பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போகிறதா? இரும்புக்காரர் காப்பர் குழாயை வெட்டின அடுத்த நொடியே 1.1 கிலோவும் காற்றில், அதாவது இரண்டு டன். பிடித்து வைக்கிற கடை கொஞ்சம் குறைவாக விலை கொடுத்தாலும் அவர்களிடமே கொடுங்கள். புது ஏசி மாட்டும்போது வேக்கம் பம்ப் கொண்டுவந்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாட்ட விடாதீர்கள்.